புஷிமி இனாரி: கியோத்தோவின் நரிக் கோவில் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பானுக்குச் சுற்றுலா வரும் நம்மவர்களில் கியோத்தோவுக்குப் போகாதவர் குறைவு. கியோத்தோவுக்குப் போய் இந்தக் கோவிலில் படம் எடுத்துக்கொள்ளாதவர் அதைவிடக் குறைவு. படம் எடுத்து முடித்த பிறகுதான் சந்தேகங்கள் ஆரம்பிக்கும். திரும்பத் திரும்பக் காதில் விழுந்தவற்றை, கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே எழுதிப் பதில் சொல்லியிருக்கிறேன்.

சிவப்பு வளைவுகள் வரிசையாக நிற்கும் அந்தக் கோவில் டோக்கியோவில்தானே இருக்கிறது?

இல்லை, கியோத்தோவில். பெயர் புஷிமி இனாரி தைஷா. நகரின் தெற்கே, புஷிமி வட்டாரத்தில், 233 மீட்டர் உயரமுள்ள இனாரி மலையின் அடிவாரத்தில் தொடங்கி மலை முழுவதும் பரவியிருக்கிறது. கியோத்தோ ரயில் நிலையத்திலிருந்து நாரா போகும் பாதையில் இரண்டாவது நிறுத்தம். இறங்கி வெளியே வந்தால் எதிரிலேயே முதல் வளைவு நிற்கும். டிக்கெட் கிடையாது, நடை சாத்துவதும் கிடையாது. நள்ளிரவில்கூட மலை ஏறலாம்.

இனாரி என்பது தெய்வத்தின் பெயர். ஜப்பான் முழுவதும் ஏறத்தாழ 30,000 இனாரி கோவில்கள் உண்டு என்பார்கள். அவற்றுக்கெல்லாம் தலைமை இதுதான். அந்த வளைவுக்குத் தோரி என்று பெயர். ஜப்பானின் பழைய மதமான ஷிண்டோவின் கோவில்கள் ஏறத்தாழ எல்லாவற்றிலும் தோரி இருக்கும். ஆனால் இத்தனை தோரிகள் வேறெங்கும் இல்லை.

அங்கே நரியையா கும்பிடுகிறார்கள்?

நரி வாகனமும் இல்லை, மூலவரும் இல்லை. அது தூதர். பக்தரின் வேண்டுதலைத் தெய்வத்திடம் கொண்டுபோவது அதன் வேலை. மூலத் தெய்வம் உக்கானோமிதாமா என்னும் நெல்லின் தெய்வம். அதனுடன் இன்னும் நான்கு தெய்வங்களைச் சேர்த்து ஐவரையும் ஒன்றாக ‘இனாரி’ என்கிறார்கள். மூலத் தெய்வத்துக்குப் பொதுமக்கள் தரிசிக்கும் சிலை எதுவும் இல்லை. அதனால்தான் வெளியே கண்ணில் படும் நரிச் சிலைகளையே சாமி என்று எண்ணிவிடுகிறோம்.

அந்தச் சிலைகளின் வாயைக் கவனியுங்கள். ஒன்று சாவியைக் கவ்வியிருக்கும், மற்றொன்று உருண்டையான ரத்தின மணியை, வேறொன்று நெற்கதிரை, இன்னொன்று சுருட்டிய ஓலை போன்ற சுருளை. சாவி நெற்களஞ்சியத்தின் சாவி. நுழைவுக் கோபுரத்தின் இருபுறமும் சாவி நரியும் மணி நரியும் காவல் இருக்கின்றன. பழைய எடோ நகரத்தில், அதாவது இன்றைய டோக்கியோவில், வாணவேடிக்கைக்குப் பேர்போன இரண்டு கடைகள் இந்த இரு நரிகளை வைத்தே காகியா (சாவிக் கடை), தாமாயா (ரத்தின மணிக் கடை) என்று பெயர் வைத்துக்கொண்டன. இப்போதும் வாணம் வெடிக்கும்போது ஜப்பானியர்கள் ‘தாமாயா! காகியா!’ என்று கத்துவார்கள். கத்துபவர்களில் பலருக்கு நரி நினைவில் இருக்காது.

இதைக் கட்டியது எந்த ராஜா?

ராஜா யாரும் இல்லை. கோவில் மரபுப்படி 711ஆம் ஆண்டில் ஹதா என்ற குலத்தைச் சேர்ந்த இரோகு என்பவர் இதை நிறுவினார். ஹதா குலத்தார் கொரியத் தீபகற்பத்திலிருந்து வந்து குடியேறியவர்கள். பட்டு, நீர்ப்பாசனம், சாராயம் காய்ச்சுதல் என்று பல தொழில்களில் கைதேர்ந்தவர்கள், பணக்காரர்கள். கியோத்தோவின் மேற்கே உள்ள மாட்சுவோ கோவிலும் அவர்களுடையதுதான்.

காலக்கணக்கைக் கவனித்தால் ஒரு வேடிக்கை தெரியும். நாரா தலைநகரானது 710இல். கியோத்தோ தலைநகரானது 794இல். ஆக, நகரத்துக்குக் கோவில் வரவில்லை. கோவில் இருந்த இடத்துக்குப் பக்கத்தில் நகரம் வந்து சேர்ந்தது.

அரிசி அப்பத்தின் மீது அம்பு எய்த கதை உண்மையா?

கதை இதுதான். இரோகுவின் வீட்டில் நெல் கொட்டிக் கிடந்தது. செல்வத் திமிரில் அவர் அரிசி மாவு உருண்டையை இலக்காக வைத்து அம்பு எய்தார். உருண்டை வெள்ளைப் பறவையாகி மலை உச்சிக்குப் பறந்தது. அது இறங்கிய இடத்தில் நெல் முளைத்தது. அங்கே கோவில் எழுந்தது. பின்னால் வந்த சந்ததியினர் முன்னோரின் குற்றத்துக்கு வருந்தி, கோவில் மரத்தை வேரோடு எடுத்துத் தங்கள் வீட்டில் நட்டார்கள். தழைத்தால் அருள் கிடைத்தது என்று பொருள், பட்டுப்போனால் இல்லை.

வரலாறாக இதை ஏற்க முடியாது. யமாஷிரோ நாட்டைப் பற்றிய, அதாவது கியோத்தோ இருக்கும் பகுதியைப் பற்றிய பழைய குறிப்பேட்டில் இருந்த கதை இது. அந்த ஏடு தொலைந்துவிட்டது. பிற்கால நூல் ஒன்றில் மேற்கோளாகத் தப்பியிருக்கிறது. ஆனால் மரத்தை வீட்டுக்குக் கொண்டுபோகும் வழக்கம் உண்மை. பழங்காலத்து யாத்திரிகர்கள் மலையின் தேவதாரு இலைக் கொத்தை எடுத்துப் போனார்கள். பழைய நாட்காட்டியில் பன்னிரண்டு விலங்குகளின் பெயரால் நாட்களை எண்ணுவார்கள்; பிப்ரவரியில் வரும் முதல் குதிரை நாள் திருவிழாவில் இன்றும் அந்தக் கொத்து கிடைக்கிறது. கோவில் தோன்றியதாகச் சொல்லப்படுவதும் அதே குதிரை நாளில்தான்.

அப்படியானால் அந்தச் சிவப்பு வளைவுகளுக்கும் 1,300 வயதா?

அடிக்கடி பகிரப்படும் தவறான தகவல் இதுதான். தோரியைக் காணிக்கையாக நடும் வழக்கம் எடோ காலத்தில், அதாவது 1603க்கும் 1868க்கும் இடைப்பட்ட காலத்தில்தான் பரவியது. இன்று மலையில் ஏறத்தாழ 10,000 தோரிகள் நிற்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை உங்களைவிட இளையவை.

காரணம் எளிது: மரம். கியோத்தோவின் மழைக்காலமும் மலை ஈரமும் மரத்தின் அடியைத் தின்றுவிடும். செந்நிறப் பூச்சு அழகுக்காக மட்டும் பூசப்பட்டதில்லை. பழைய முறையில் பாதரசம் கலந்த அந்தச் சாயம் மரம் உளுத்துப்போகாமல் காத்தது. என்னதான் பூசினாலும் ஒருநாள் அடி இற்றுப்போகும். அப்போது அதை எடுத்துவிட்டு வேறொருவர் காணிக்கையை நடுவார்கள். சில தோரிகளின் அடியில் ஒட்டுப்போட்டிருப்பதையும், வரிசையின் நடுவே வெறும் குழி மட்டும் இருப்பதையும் மெதுவாக நடந்தால் பார்க்கலாம்.

வளைவுகளில் கறுப்பு மையில் எழுதியிருப்பது மந்திரமா?

உபயதாரர் பெயர். ஏறும்போது உங்களைப் பார்க்கும் பக்கத்தில் ‘காணிக்கை’ என்ற பொருளில் இரண்டே எழுத்துகள் இருக்கும். திரும்பிப் பாருங்கள்: ஒரு தூணில் கொடுத்தவரின் பெயரும் ஊரும், மறு தூணில் நட்ட ஆண்டும் மாதமும். பெரும்பாலும் நிறுவனங்களின் பெயர்கள்தாம். கட்டுமான நிறுவனம், உணவகம், தொலைக்காட்சி நிலையம் என்று எல்லாம் உண்டு. பக்திப் பரவசத்தோடு படம் எடுத்து வீட்டுச் சுவரில் மாட்டியவர்களுக்கு இது கொஞ்சம் ஏமாற்றம் தரும்.

ஆண்டைப் படிப்பது கடினமில்லை. ஜப்பானில் பேரரசரின் ஆட்சிக்காலப் பெயரோடு சேர்த்து ஆண்டை எண்ணுவார்கள். ரெய்வா என்று இருந்தால் எண்ணுடன் 2018ஐக் கூட்டுங்கள். ஹெய்செய் என்றால் 1988. ஷோவா என்றால் 1925. ஹெய்செய் 20 என்றால் 2008. ஆண்டு எழுத்துகளைக் கைப்பேசியில் ஒருமுறை பார்த்து வைத்துக்கொண்டால், மேலே போகப் போக முந்தைய கேள்விக்கான பதில் தூண்களிலேயே கிடைக்கும்.

ஒரு வளைவு வைக்க எவ்வளவு ஆகும்?

அளவையும் இடத்தையும் பொறுத்தது. சிறியதற்கே சில லட்சம் யென். பெரியதற்குப் பத்து லட்சத்தைத் தாண்டும். அவ்வளவு முடியாதவர்களுக்கு உள்ளங்கை அளவு மரத் தோரி விற்கிறார்கள். வேண்டுதலை எழுதி மாட்டிவிட்டு வரலாம்.

நெல்லுக்கான சாமியிடம் வியாபாரிகளுக்கு என்ன வேலை?

அந்தக் காலத்தில் நெல்தான் பணம். எடோ ஆட்சியில் ஒரு பிரபுவின் செல்வத்தைக் காசில் கணக்கிடவில்லை. அவர் நிலம் எத்தனை ‘கொக்கு’ அரிசி விளைவிக்கும் என்றுதான் கணக்கிட்டார்கள். ஒரு கொக்கு என்பது ஏறக்குறைய 180 லிட்டர், ஓர் ஆள் ஓராண்டு சாப்பிடும் அரிசி. சாமுராய்களின் சம்பளமும் அரிசிதான். அந்த அரிசியை விற்றுக் காசாக்கிக் கொடுத்தவர்கள் வியாபாரிகள். நெல் தெய்வம் கல்லாப்பெட்டித் தெய்வமாக மாற இதைவிட வேறு காரணம் வேண்டுமா?

அதன் பிறகு இனாரி கோவில்கள் நகரங்களில் பெருகின. வயலே இல்லாத தெருக்களில், வீட்டுக் கொல்லையில், கடை மாடியில்கூட வைத்தார்கள். எடோ நகரத்தில் எங்கு திரும்பினாலும் கண்ணில் படுபவை என்று ஒரு சொலவடை மூன்றைச் சொல்லும்: இசேயா என்ற பெயருள்ள கடைகள், இனாரி கோவில்கள், நாய் விட்டை. பக்திக்கு எந்தக் குறையும் இல்லாத ஊரில் பிறந்த சொலவடைதான் அது.

ராஜா கட்டவில்லை என்றீர்கள். பிறகு அரசாங்க மரியாதை எப்படி வந்தது?

பயத்தால் வந்தது. 827இல் பேரரசர் ஜுன்னாவுக்கு உடல்நிலை சரியில்லாமல் போனது. குறி பார்த்ததில், தோஜி என்ற பௌத்த ஆலயத்தின் கோபுரத்துக்காக இனாரி மலையின் மரத்தை வெட்டியதால் தெய்வம் சினம் கொண்டிருக்கிறது என்று வந்தது. உடனே தெய்வத்துக்கு ஐந்தாம் படிநிலைப் பதவி வழங்கி மன்னிப்புக் கேட்டார்கள். அரசவை அதிகாரிகளுக்குப் பதவிப் படிநிலை இருந்ததுபோலவே தெய்வங்களுக்கும் இருந்தது, பதவி உயர்வும் இருந்தது. 942இல் இனாரி முதல் படிநிலையின் உச்சிக்குப் போய்விட்டது. அப்போதிருந்த அதிகாரிகளில் எத்தனை பேர் பொறாமைப்பட்டார்களோ!

பறவைக் கதையை ஒதுக்கிவிட்டு உறுதியான வரலாறு எங்கே தொடங்குகிறது என்று கேட்டால், இந்த 827ஆம் ஆண்டுக் குறிப்பைத்தான் காட்டுவேன். அந்த தோஜியைப் பற்றிக் கடைசிக் கேள்வியில் மீண்டும் பேசவேண்டியிருக்கும்.

போரில் எல்லாம் எரிந்துபோனதாமே?

ஆம், 1468இல். ஓனின் போர் என்ற உள்நாட்டுச் சண்டை கியோத்தோவைப் பத்தாண்டுகள் நாசமாக்கியது. கிழக்குப் படையின் பக்கம் கூலிக்குச் சண்டையிட்ட ஹோனேகாவா தோக்கென் என்பவன் தன் ஆட்களோடு இனாரி மலையில் முகாம் போட்டு, எதிரிகளுக்கு உணவு போகும் வழியை அடைத்தான். மேற்குப் படை மலையைச் சூழ்ந்து தாக்கியது. தோக்கென் பெண் வேடமிட்டுத் தப்ப முயன்று பிடிபட்டுக் கொல்லப்பட்டான். கோவில் சாம்பலானது.

இப்போது நீங்கள் பார்க்கும் மூலக்கோவில் 1499இல் எழுந்தது. முப்பது ஆண்டு தாமதத்துக்குக் காரணம், கட்டித்தர யாரிடமும் பணமில்லை. ஊர் ஊராகச் சென்று நன்கொடை திரட்டிய துறவிகள்தாம் அதைச் சாதித்தார்கள். என்னைக் கேட்டால் இந்தக் கோவிலின் உண்மையான வரலாறு அங்கேதான் திரும்புகிறது. அன்று தொடங்கிய நன்கொடைப் பழக்கம்தான் பின்னால் பத்தாயிரம் தோரிகளாக மலை ஏறியது. சுற்றுலாக் கையேடுகள் இதற்கு ஒரு வரிகூட ஒதுக்குவதில்லை. பறவைக் கதைக்கு அரைப் பக்கம் கொடுக்கின்றன.

நுழைவுக் கோபுரம் ஒரு தாயின் உயிருக்கு விலையாகக் கட்டியதா?

ஏறக்குறைய அப்படித்தான். ஜப்பானை ஒரு குடைக்கீழ் கொண்டுவந்த தொயோதோமி ஹிதேயோஷியின் தாய் 1588இல் நோயில் விழுந்தார். தாயைக் காப்பாற்றினால் 10,000 கொக்கு அரிசி தருவதாக ஹிதேயோஷி இனாரிக்கு எழுதிக்கொடுத்தார். அந்த வேண்டுதலில் அவர் கேட்டது: இன்னும் மூன்று ஆண்டு ஆயுள். அது முடியாவிட்டால் இரண்டு ஆண்டு. அதுவும் முடியவே முடியாது என்றால் முப்பது நாளாவது. நாட்டையே அடக்கி ஆண்ட மனிதர், தெய்வத்திடம் பேரத்தில் இப்படி இறங்கி வந்திருக்கிறார்.

தாய் பிழைத்தார், 1592 வரை இருந்தார். கோபுரம் 1589இல் எழுந்தது. நெடுங்காலம் இதை வெறும் மரபுக் கதை என்று நினைத்தவர்கள் உண்டு. 1970களில் பழுதுபார்க்கக் கோபுரத்தைப் பிரித்தபோது, மரத்தில் மையால் எழுதிய ஆண்டுக் குறிப்பு கிடைத்தது. அது 1589ஐத்தான் காட்டியது.

இத்தனை பழமை இருந்தும் யுனெஸ்கோ பட்டியலில் இல்லை என்கிறார்களே?

உண்மைதான். கியோத்தோவிலும் பக்கத்து ஊர்களிலுமாக 17 இடங்கள் 1994இல் உலக மரபுச் சின்னங்களாயின. அவற்றில் ஷிண்டோ கோவில்கள் மூன்று: காமிகாமோ, ஷிமோகாமோ, ஊஜிகாமி. இனாரி அதில் இல்லை. மூலக்கோவிலும் கோபுரமும் ஜப்பான் அரசின் முக்கியப் பண்பாட்டுச் சொத்துகள் பட்டியலில் இருக்கின்றன. யுனெஸ்கோ முத்திரை இல்லாததால் கூட்டம் குறைந்ததாகத் தெரியவில்லை. புத்தாண்டின் முதல் மூன்று நாட்களில் 25 லட்சம் பேருக்கு மேல் வருகிறார்கள். அந்த நாட்களில் போகாதீர்கள்.

மலைமேல் கல்லறைகள் போல் குவிந்திருக்கும் கற்கள் என்ன?

கல்லறைகள் இல்லை. ஒவ்வொன்றும் ஒரு பக்தர் தனக்கென்று வைத்துக்கொண்ட தெய்வம். இனாரிக்குத் தாங்களே ஒரு பெயர் சூட்டி, கல்லில் செதுக்கி, மலையில் நட்டுவிட்டார்கள். மெய்ஜி காலத்தில், அதாவது 1868க்குப் பிறகு இது பெருகியது. மேலிடத்தார் தடுத்துப் பார்த்தார்கள், நடக்கவில்லை. இன்று பத்தாயிரத்தைத் தாண்டும். கற்களுக்கு முன்னால் மெழுகுவத்தி, சிறு தோரிகள், ஒரு கோப்பை மது, வறுத்த சோயாத் தயிர்க்கட்டி. பாசி படிந்த நரிகளின் கழுத்தில் சிவப்புத் துணி. மலையில் எனக்குப் பிடித்த பகுதி இதுதான். பெரும்பாலான பயணிகள் ‘ஆயிரம் தோரி’ வரிசையோடு திரும்பிவிடுவதால் இங்கே அமைதியாகவும் இருக்கும். முழு மலையையும் சுற்ற ஏறக்குறைய 4 கிலோமீட்டர், இரண்டு மணி நேரம்.

சைவம் சாப்பிடுபவர்கள் அங்கே இனாரி சூஷி சாப்பிடலாமா?

பார்ப்பதற்குச் சைவம். நரிக்குப் பிடிக்கும் என்று சொல்லப்படும் வறுத்த சோயாத் தயிர்க்கட்டியைப் பை போல் பிரித்து, உள்ளே சோறு அடைத்தது. ஆனால் அந்தப் பையை வேகவைக்கும் சாறு பெரும்பாலும் மீன் சாறு. கேட்டுவிட்டு வாங்குங்கள்.

அதே தெருவில் சில கடைகளில் சிட்டுக்குருவியை முழுசாகக் கம்பியில் குத்திச் சுடுவார்கள், தலையோடு. நெல்லைத் தின்னும் பறவை என்பதால் நெல் தெய்வத்தின் வாசலில் அதற்கு இந்தக் கதி. மனம் இளகியவர்கள் பக்கத்துக் கடையின் மொறுமொறு பிஸ்கட்டை வாங்கலாம்: எள்ளும் மிசோ என்ற சோயா விழுதும் சேர்த்த மாநிறப் பிஸ்கட்டின் மடிப்பில் ஆரூடச் சீட்டு செருகியிருக்கும். அமெரிக்காவின் சீன உணவகங்களில் கடைசியில் தரும் ஆரூடப் பிஸ்கட்டின் மூத்த உறவு இது.

இனாரி இந்தியாவிலிருந்து போன தெய்வம் என்று ஒரு காணொளியில் சொன்னார்களே?

பாதிகூடச் சரியில்லை. ஆனால் முழுப் பொய்யும் இல்லை. இனாரி ஜப்பானில் பிறந்த நெல் தெய்வம். பின்னாளில் அதனோடு ஒட்டிக்கொண்ட ஓர் உருவம்தான் இந்தியாவிலிருந்து போனது: டாகினி. தமிழுக்கும் தெரிந்த பெயர்தான். சிலப்பதிகாரத்தில் சுடுகாட்டில் பிணம் தின்னும் இடாகினிப் பேய் வருகிறது. தாந்திரீக பௌத்தத்தோடு சீனா வழியாக ஜப்பானுக்குப் போன டாகினி, அங்கே வெள்ளை நரிமேல் அமர்ந்து வரம் தரும் பெண் தெய்வமானாள். இனாரிக்கும் நரி, இவளுக்கும் நரி. இரண்டும் கலந்துவிட்டன.

தோரி வளைவு நம் தோரண வாயிலிலிருந்து வந்ததா என்ற கேள்வியும் இதோடு சேர்ந்தே வரும். அப்படி ஒரு கருத்து ஆய்வாளர்களிடையே உண்டு. முடிவு செய்யப்பட்ட விஷயம் இல்லை. சரஸ்வதி பென்சாய்தென் என்ற பெயரில் ஜப்பான் போனது மட்டும் ஐயமில்லாத உண்மை. பெருமைப்பட வேண்டுமானால் அதற்குப் படலாம்.

அப்படியானால் இது பௌத்தக் கோவிலா, ஷிண்டோ கோவிலா?

1868க்கு முன் கேட்டிருந்தால் கேள்வியே யாருக்கும் புரிந்திருக்காது. மலையடிவாரத்தில் ஐஜென்ஜி என்ற பௌத்த ஆலயம் இருந்தது. எரிந்த கோவிலுக்கு நன்கொடை திரட்டியவர்கள் என்று மேலே சொன்னேனே, அந்தத் துறவிகளின் வழி வந்த ஆலயம் அது. டாகினி வழிபாடும் அங்கே நடந்தது. மெய்ஜி அரசு வந்ததும் ஷிண்டோவையும் பௌத்தத்தையும் பிரிக்க ஆணையிட்டது, ஐஜென்ஜி அழிக்கப்பட்டது. கோவிலை எழுப்பியவர்களுக்குக் கிடைத்த கைம்மாறு அதுதான். 1871இல் இனாரி அரசின் முதல்தரக் கோவிலானது. பரம்பரைப் பூசாரிகளின் உரிமையும் போயிற்று. டாகினியைப் பார்க்க விரும்பினால் ஐச்சி மாநிலத்தின் தொயோகாவா இனாரிக்குப் போகவேண்டும். பெயரில் இனாரி, வாசலில் தோரி, ஆனால் அது ஜென் பௌத்த ஆலயம்.

இரண்டாம் உலகப் போர் முடிந்து அரசுக்கும் ஷிண்டோவுக்கும் இருந்த உறவு அறுந்தபோது, பெரும்பாலான கோவில்கள் ஷிண்டோ கோவில்களின் கூட்டமைப்பில் சேர்ந்தன. இனாரி சேரவில்லை. 1946இல் தனி நிறுவனமாகிவிட்டது, இன்றும் அப்படியே.

பௌத்தத்தைப் பிரித்துவிட்டார்கள் என்றால், திருவிழாவில் பௌத்தத் துறவிகள் ஏன் நிற்கிறார்கள்?

827இல் மரத்தை வெட்டிய தோஜியும் மரத்தை இழந்த இனாரியும் பிறகு நண்பர்களாகிவிட்டன. தோஜிக்கு இனாரி காவல் தெய்வமானது. ஏப்ரல் 20ஐ ஒட்டிய ஞாயிற்றுக்கிழமையில் ஐந்து தெய்வங்களும் பல்லக்குகளில் நகருக்குள் வந்து, கியோத்தோ ரயில் நிலையத்துக்குத் தெற்கே ஒரு மண்டபத்தில் தங்கும். மே 3 அன்று மலைக்குத் திரும்பும் வழியில் தோஜியின் வாசலில் நிற்கும். துறவிகள் வெளியே வந்து படையல் வைத்து மந்திரம் ஓதுவார்கள். மெய்ஜி அரசின் ஆணையால் இந்த உறவை மட்டும் அறுக்க முடியவில்லை.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: பல்லக்குகளைத் தோளில் சுமந்து வருவார்கள் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். லாரியில் வரும்.